களப்பணி ஒளிப்பதிவு நாடாக்களைக் கணினிக்கு மாற்றுதல்: பென்னலூர் வட்டாரத்தை முன்வைத்துச் சிக்கல்களும் தீர்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

1990களின் பிற்பகுதி முதல் 2010 வரையிலான காலத்தில் களப்பணியாளர்களும் ஊர்மக்களும் கையடக்க ஒளிப்பதிவுக் கருவிகளால் எடுத்த நாடாக்கள், அவற்றை இயக்கும் கருவிகள் அருகிவிட்டமையால் இன்று முடங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றி டிவிடியாக எழுதும்போது நேரும் தடைகளை நாடா, கருவி, இணைப்பு, வன்தட்டு, மென்பொருள், வட்டு என்னும் ஆறு கண்ணிகளாகப் பகுத்து இக்கட்டுரை விளக்குகின்றது. தொழிற்சாலைகளின் வருகையால் நிலத்தோற்றம் மாறிப்போன பென்னலூர் வட்டாரம் இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகின்றது. நாடாவிலிருந்து நேராகப் பெறப்படும் எண்ணிமக் கோப்பே பேணத்தக்க மூலம், டிவிடி அதன் பார்வைப்படி மட்டுமே என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஒளிப்பதிவு நாடா, மினி டிவி, ஃபயர்வயர், டிவிடி, களப்பணி ஆவணம், பென்னலூர், தெருக்கூத்து.

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல், நாடகவியல் ஆகிய துறைகளில் களப்பணி செய்தோரின் அலமாரிகளில் ஒளிப்பதிவு நாடாக்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஆய்வேடு எழுதி முடிந்ததும் அவை மூடி வைக்கப்பட்டன. ஆய்வேட்டில் இடம்பெற்றது நாடாவில் உள்ளதன் மிகச் சிறு பகுதியே. கூத்தரின் அடவு, பாடுவோரின் குரல், பார்வையாளரின் இருப்பு, பின்புலத்தில் தெரியும் ஊர் ஆகிய அனைத்தும் நாடாவில் மட்டுமே உள்ளன.

உலக அளவில் இச்சிக்கல் முன்பே உணரப்பட்டது. யுனெஸ்கோவின் அனைவருக்குமான தகவல் திட்டமும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் இணைந்து 2019இல் காந்த நாடா குறித்த எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. நாடாக்கள் சிதைவதற்கு முன்பே அவற்றை இயக்கும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் பழுது பார்க்கும் திறனும் மறைந்துவிடும் என்பதும், 2025ஐ ஒட்டிய ஆண்டுகளே மாற்றத்திற்குரிய கடைசி வாய்ப்பு என்பதும் அதன் அடிப்படைக் கருத்து. விஎச்எஸ் நாடாக் கருவிகளைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது இதற்குச் சான்று.

பென்னலூரும் நாடாவின் காலமும்

பென்னலூர், காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் வட்டத்தில் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1998இல் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006இல் இயங்கத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் தொழிற்சாலை 2010இல் திறக்கப்பட்டது. ஏரிப்பாசன வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இருந்த வட்டாரம் ஒரு தலைமுறைக்குள் தொழிற்பூங்காவாகியது.

இவ்வாண்டுகளை ஒளிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் ஆண்டுகளோடு ஒப்பிடுதல் தகும். மினி டிவி நாடா 1995இல் அறிமுகமானது. 2010ஐ ஒட்டி நினைவட்டைக் கருவிகளும், பின்னர்க் கைப்பேசிகளும் அதன் இடத்தைப் பிடித்தன. அக்கைப்பேசிகள் இன்று இதே வட்டாரத்தில் உற்பத்தியாகின்றன. ஆகவே, இந்நிலப்பகுதி மாறிய காலமும் நாடாவில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட காலமும் ஏறத்தாழ ஒன்றே. திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, கூத்து என எதற்காக எடுக்கப்பட்டிருப்பினும், அக்காலத்து நாடாக்களின் பின்புலத்தில் மாற்றத்திற்கு முந்தைய வயலும் ஏரிக்கரையும் தெருவும் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. அவற்றை மீண்டும் படமெடுக்க இயலாது.

வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் விழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நிகழ்வது மரபு. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தொடங்கப்பட்டது என்பது இக்கலை இவ்வட்டாரத்தில் வேரூன்றியிருப்பதைக் காட்டும். இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியும் வரை நிகழும் ஒரு கூத்தை முழுமையாகப் பதிவு செய்ய 60 நிமிட நாடாக்கள் எட்டு தேவைப்படும். அதில் ஒரு நாடா கெட்டாலும் கதையின் ஒரு கட்டம் இழக்கப்படும்.

நாடா வகையை அறிதல்

மாற்றும் முறை நாடாவின் வகையைப் பொறுத்தது. விஎச்எஸ், வீடியோ 8, ஹை 8 ஆகியன அனலாக் எனப்படும் ஒப்புமை முறையின; அவற்றின் சைகையைக் கணினிக்கேற்ற எண்களாக மாற்றும் தனிக்கருவி தேவை. மினி டிவி, டிஜிட்டல் 8 ஆகியன எண்ணிம முறையின. அவற்றில் பதிவே எண்களாக இருப்பதால் புதிதாக மாற்ற வேண்டியதில்லை, படியெடுத்தால் போதும். சோனி 1999இல் அறிமுகப்படுத்திய டிஜிட்டல் 8 கருவிகளுள் சில, பழைய ஹை 8 நாடாவையும் இயக்கி எண்ணிமமாக வெளியிடும். எச்டிவி என்னும் உயர்தெளிவுப் பதிவும் மினி டிவி பேழையிலேயே உள்ளது. அதனைப் பழைய மினி டிவி கருவி இயக்காது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய நாடாக்களில் மற்றொரு வேறுபாடு எழும். இந்தியாவிலும் இலங்கையிலும் பால் முறை வழங்கியது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் என்டிஎஸ்சி முறை வழங்கியது. முன்னதில் நொடிக்கு 25 படச்சட்டங்களும் பின்னதில் 29.97 படச்சட்டங்களும் உள்ளன. ஒரு முறைக்கெனச் செய்த ஒளிப்பதிவுக் கருவி பெரும்பாலும் மற்ற முறை நாடாவைச் சரிவர இயக்காது. இத்தகைய நாடாவில் படம் தெரியவில்லை எனில் நாடா பழுதென்று முடிவு செய்தல் கூடாது.

நாடாவை இயக்குமுன்

பேழையின் முதுகிலுள்ள காப்புத் தாழ் முதலில் நகர்த்தப்பட வேண்டும். இல்லையேல் தவறாகப் பதிவுப் பொத்தானை அழுத்திய நொடியிலேயே பழைய பதிவு அழியத் தொடங்கும். பேழைச் சாளரத்தின் வழியே வெண்ணிறப் பொடியோ நூலிழையோ தென்படின் அது பூஞ்சை. பூஞ்சை படிந்த நாடாவை இயக்கினால் அது கருவியின் தலையில் ஒட்டி அடுத்தடுத்த நாடாக்களுக்கும் பரவும். அதனைத் தனியே வைத்துத் துறை வல்லுநரிடம் தருதல் நலம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த நாடாவும் கருவியும் சில மணி நேரம் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். கடலோர மாவட்டங்களின் ஈரக்காற்றில் நாடாவின் மேல் நீர்த்திவலை படிந்தால் அது சுழலும் தலையோடு ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை முழுதும் ஒருமுறை முன்னோட்டிப் பின்னோட்டினால் இழுவிசை சீராகும்.

பழுதின் இடத்தைக் கண்டறிதல்

படத்தில் குறை தோன்றியவுடன் மென்பொருளை மாற்றுவதும் கணினியை மாற்றுவதும் பலரின் வழக்கம். அதற்கு முன் இரண்டு சோதனைகள் போதும்.

முதற்சோதனை: நாடாவைக் கருவியிலேயே இயக்கி அதன் சிறுதிரையில் காண்க. அங்குப் படம் தெளிவாக இருந்து கணினியில் மட்டும் குறை தோன்றினால் பழுது இணைப்பிலோ வன்தட்டிலோ மென்பொருளிலோ உள்ளது. சிறுதிரையிலும் குறை தோன்றினால் பழுது நாடாவிலோ கருவியின் தலையிலோ உள்ளது.

இரண்டாம் சோதனை: அதே பகுதியை இருமுறை இயக்குக. இருமுறையும் ஒரே இடத்தில் குறை தோன்றினால் நாடாவில் சேதம். வெவ்வேறு இடங்களில் தோன்றினால் தலையில் அழுக்கோ கருவியின் ஒழுங்கின்மையோ காரணம்.

நாடா, கருவி சார்ந்த சிக்கல்கள்

மினி டிவி நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர். அதன்மேல் ஒவ்வொரு தடமும் 10 மைக்ரான் அகலத்தில் சாய்வாகப் பதிவாகிறது. சுழலும் உருளையிலுள்ள இரு தலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தடங்களைப் படிக்கின்றன. எனவே படத்தில் கிடைமட்டப் பட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிதைந்தால் இரு தலைகளுள் ஒன்று அடைபட்டுள்ளது என அறியலாம். துப்புரவு நாடாவை, கருவியின் கையேடு கூறும் சில நொடிகள் மட்டும் ஓட்ட வேண்டும். அது உரசித் துடைப்பதாதலால் மிகுதியாக ஓட்டினால் தலை தேயும். சதுரக் கட்டங்கள் ஆங்காங்கே சிதறித் தோன்றினால் நாடாவின் மேற்பூச்சு உதிர்ந்திருக்கலாம்.

நாடாவைச் சிக்கனப்படுத்த எண்ணி 60 நிமிடப் பேழையில் 90 நிமிடம் பதிவு செய்தோர் பலர். இம்முறையில் தடத்தின் அகலம் 6.7 மைக்ரானாகக் குறைகிறது. ஆதலின் பதிவு செய்த கருவியில் மட்டுமே அது பிழையின்றி இயங்கும் நிலை அடிக்கடி நேரும். பழைய கருவி பழுதாகிவிட்டதெனக் கழிக்கும் முன் அதன் நாடாக்களை மாற்றிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

காலக்குறி முறிவு மற்றொரு சிக்கல். களத்தில் பதிவை நிறுத்தி, பின்னோட்டிப் பார்த்து, சிறிது வெற்றிடம் விட்டு மீண்டும் தொடங்கினால் காலக்குறி சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். கணினி மென்பொருள் காலக்குறியை நம்பியே கருவியை இயக்குவதால் அவ்விடத்தில் படியெடுப்பு நின்றுவிடும். மென்பொருளில் கருவிக் கட்டுப்பாட்டை நீக்கி, நாடாவைக் கையால் இயக்கித் தொடர்ந்து பதிவு செய்வதே தீர்வு.

இணைப்புச் சார்ந்த சிக்கல்கள்

கணினி கருவியை அறியவில்லை என்பதே மிகுதியாகக் கேட்கப்படும் குறை. முதற்காரணம் தவறான துளை. பெரும்பாலான மினி டிவி கருவிகளிலுள்ள யுஎஸ்பி துளை நிழற்படங்களையோ தெளிவு குறைந்த படத்தையோ மட்டுமே அனுப்பும். முழுத்தரப் பதிவு, சோனி ஐலிங்க் எனப் பெயரிட்ட ஃபயர்வயர் துளை வழியே மட்டுமே வெளிவரும். கருவியில் நான்கு முனைத் துளையும் கணினியில் ஆறு அல்லது ஒன்பது முனைத் துளையும் இருக்கும். ஃபயர்வயரை யுஎஸ்பியாக மாற்றுவதாக விற்கப்படும் சிறு மாற்றிகள் உலோக முனைகளை மட்டுமே இணைப்பன. இரு முறைகளின் தொடர்பு மொழி வேறாதலால் அவை பயன்படா.

மேசைக் கணினியில் ஃபயர்வயர் அட்டையைப் பொருத்துவது எளிய வழி. விண்டோஸ் 8 முதல் பழைய ஃபயர்வயர் இயக்கி இயங்குதளத்தோடு வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் தனியே வழங்கிய அவ்வியக்கியை நிறுவிச் சாதன மேலாளரில் தெரிவு செய்தால் பல கருவிகள் அறியப்படுகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2025இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது. எனவே பழைய இயங்குதளம் கொண்ட ஒரு கணினியை இப்பணிக்கெனத் துறையில் ஒதுக்கி வைத்தல் அறிவுடைமை.

கருவி படமெடுக்கும் நிலையில் அன்றி நாடா இயக்கும் நிலையில் இருக்க வேண்டும். எச்டிவி கருவியாயின் வெளியீட்டு அமைப்பு நாடாவின் வகையோடு பொருந்த வேண்டும். இணைப்பு வடத்தைச் செருகும்போது கருவியும் கணினியும் அணைந்திருத்தல் நன்று. ஆறு முனை வடம் மின்சாரத்தையும் கடத்துவதால், தலைகீழாகச் செருகப்பட்டால் கருவியின் துளை கருகிவிடும். அத்துளை போனால் அக்கருவியால் படியெடுக்க இயலாது.

வன்தட்டும் மென்பொருளும்

டிவி வகைப் பதிவு நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட் அளவில் வருகிறது; ஒரு மணி நேரத்திற்கு 13 கிகாபைட். எட்டு நாடாக்களில் உள்ள ஒரு கூத்திற்கு 104 கிகாபைட் தேவை. நாடா ஓடும் வேகத்திலேயே படியெடுக்க வேண்டும் என்பதால் எட்டு மணி நேர உழைப்பும் தேவை. நாடா காத்திருக்காது, கணினி ஒரு நொடி தாமதித்தாலும் அப்போது வந்த படச்சட்டங்கள் விடுபடும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருளின் சோதனை, தானியங்கிப் புதுப்பிப்பு, உறக்கநிலை ஆகியவற்றை நிறுத்தி வைப்பதும், இயங்குதளம் இல்லாத தனி வன்தட்டில் எழுதுவதும் இதற்குத் தீர்வுகள். மின்தடைக்குத் தடையிலா மின்வழங்கி வேண்டும்.

பதிவு ஒவ்வொரு முறையும் 20 நிமிடத்தை எட்டும் முன்னரே நின்றுவிடுமாயின் பழுது நாடாவில் இல்லை. வன்தட்டு ஃபேட் 32 முறையில் அமைந்துள்ளது. அம்முறையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் சிக்கல் தீரும். மாற்றுமுன் அதிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்தல் இன்றியமையாதது.

லினக்சில் டிவிகிராப், விண்டோசில் வின்டிவி ஆகிய இலவச மென்பொருள்கள் நாடாவின் தரவை மாற்றாமல் படியெடுப்பன. விடுபட்ட படச்சட்டங்களின் எண்ணிக்கையை அவை காட்டும். அவ்வெண்ணிக்கையை ஒவ்வொரு நாடாவிற்கும் குறித்து வைத்தல் வேண்டும். டிவிரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் கோப்பிலுள்ள பிழைகளைப் படச்சட்டம்தோறும் அறிவிக்கும். ஒரே நாடாவின் பல படிகளிலிருந்து பிழையற்ற பகுதிகளைத் தேர்ந்து ஒன்றிணைக்கவும் செய்யும்.

ஒலியும் படமும் பிரிதல்

உதட்டசைவும் குரலும் பொருந்தாமை இசை, கூத்து ஆய்வுகளுக்குப் பெருங்கேடு. தாளத்திற்கும் அடவிற்குமுள்ள தொடர்பையே ஆய்வாளர் தேடுகின்றார் எனில், கால் நொடிப் பிறழ்வும் தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும். எண்ணிம நாடாவில் இதற்கு அடிக்கடி காரணமாவது ஒலி அமைப்பு. பல கருவிகள் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் அமைப்பிலும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பிலும் பதிவு செய்யவல்லன. ஒரே நாடாவில் இரண்டும் கலந்திருந்தால் மென்பொருள் முதலில் கண்ட அமைப்பையே இறுதிவரை கொள்ளும். அமைப்பு மாறும் இடத்தில் கோப்பைப் பிரித்துப் படியெடுக்க வேண்டும்.

ஒப்புமை நாடாவில் காரணம் வேறு. படம் ஒரு கருவி வழியாகவும் ஒலி கணினியின் ஒலியட்டை வழியாகவும் சென்றால் இரண்டின் கடிகாரங்களும் சிறிதளவு வேறுபடும். ஒரு மணி நேரத்தில் அவ்வேறுபாடு வெளிப்படையாகும். படத்தையும் ஒலியையும் ஒரே கருவி வழியே அனுப்புவதும், தேய்ந்த நாடாவின் ஆட்டத்தைச் சீராக்கும் காலத்தளத் திருத்தியை இடையில் வைப்பதும் தீர்வுகள்.

டிவிடியாக எழுதுதல்

டிவி கோப்பை டிவிடிக்கு எம்பெக் 2 வடிவில் சுருக்க வேண்டும். ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். ஒரு மணி நேரப் பதிவை நொடிக்கு 8 மெகாபிட் அளவில் சுருக்கினால் 3.6 கிகாபைட் ஆகும். அதாவது மூலத்தின் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்றுக் குறைவான தரவு கழிக்கப்படுகிறது. இரண்டு மணி நேரத்தை ஒரே வட்டில் அடக்கினால் இழப்பு இன்னும் மிகும்; விரைந்த அடவுகளிலும் தீப்பந்த ஒளியிலும் அது கண்ணுக்குப் புலப்படும்.

அசைவுகள் நடுங்கித் தோன்றினால் புல வரிசை தவறியுள்ளது. ஒவ்வொரு படச்சட்டமும் இரு புலங்களாகப் பின்னப்பட்டுள்ளது; டிவி முறையில் கீழ்ப்புலம் முந்தி வரும். சுருக்கும் மென்பொருள் மேற்புலம் முதலென்று கொண்டால் அசைவு முன்பின்னாகும். டிவிடியில் 48 கிலோஹெர்ட்ஸ் ஒலியே வழங்குவதால் 32 கிலோஹெர்ட்ஸ் ஒலியை முன்னரே மாற்றிக்கொள்ள வேண்டும். எழுதிய கணினியில் இயங்கும் வட்டு வீட்டுக் கருவியில் இயங்கவில்லையாயின், வட்டு நிறைவு செய்யப்படாமல் விடப்பட்டிருக்கலாம். எழுதும் வேகத்தைக் குறைத்து, எழுதியபின் சரிபார்ப்புச் செய்தல் வேண்டும்.

இவ்வாறு பிழையின்றி எழுதப்பட்ட வட்டும் மூலமாகாது. டிவி கோப்பின் ஒவ்வொரு படச்சட்டத்திலும் கருவியின் கடிகாரம் காட்டிய நாளும் நேரமும் பொதிந்துள்ளன. டிவிடியாகச் சுருக்கும்போது அவை நீங்கிவிடும். ஏரிக்கரை எந்த ஆண்டு வரை இருந்தது, ஒரு கூத்தில் குறிப்பிட்ட காட்சி இரவின் எந்த நேரத்தில் நிகழ்ந்தது என்னும் வினாக்களுக்கு அக்குறிப்பே சான்று. கடிகாரம் தவறாக அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் களக்குறிப்பேட்டோடு ஒப்பிட்டே அதனைக் கொள்ள வேண்டும். ஆயினும் சான்றை ஆராய்வதற்குச் சான்று எஞ்சியிருத்தல் வேண்டும்.

பேணலும் திருப்பியளித்தலும்

ஒவ்வொரு டிவி கோப்பையும் வெவ்வேறு இடங்களில் மூன்று படிகளாக வைத்து, அவற்றின் சரிபார்ப்பு எண்ணைக் குறித்து, ஆண்டுதோறும் ஒப்பிடுதல் தகும். பேழையின் மேலட்டையை நிழற்படமெடுத்து, இடம், நாள், நிகழ்வு, கலைஞர், பதிவு செய்தவர், பயன்படுத்திய கருவி ஆகிய விவரங்களைக் கோப்புடன் இணைக்க வேண்டும். படியெடுத்தபின் நாடாவை எறிதல் கூடாது.

கால வரையறையுள் அனைத்தையும் மாற்ற இயலாத துறைகள் வரிசை வகுத்துக்கொள்ளலாம். வேறெங்கும் படியில்லாத பதிவு, 90 நிமிட முறையில் பதிந்த நாடா, இயக்கும் கருவி ஒன்றே எஞ்சியுள்ள வகை, மறைந்த கலைஞர்களின் நிகழ்த்துதல் ஆகியன முதலிடம் பெறத்தக்கன.

டிவிடிக்குரிய இடம் ஒன்றுண்டு. களத்தில் பதிவு செய்யப்பட்டவை அந்த ஊராருக்கும் உரியன. கலைஞரின் குடும்பத்திற்கும் விழாக் குழுவினருக்கும் அவர்கள் இல்லத்துக் கருவியில் இயங்கும் வட்டாகவோ விரலியாகவோ ஒரு படி தரப்பட வேண்டும். படத்தில் உள்ளோர் யாவர், பின்னால் தெரியும் நிலம் எது என அடையாளம் காட்டவல்லோர் அவர்களே. அவர்களது நினைவும் நாடாவைப் போன்றே நாள்தோறும் குறைந்துவருவது.

முடிவுரை

ஒளிப்பதிவு நாடாவைக் கணினிக்கு மாற்றுவதில் நேரும் தடைகள் பலவாயினும், ஆறு கண்ணிகளுள் எதில் பழுது உள்ளது என வரையறுத்தால் பெரும்பாலானவை எளிய செலவில் தீர்வன. காலம் மட்டுமே ஈடுசெய்ய இயலாதது. பென்னலூர் வட்டாரத்தில் வயல் தொழிற்கூடமான காலத்தின் அசையும் படங்கள் நாடாக்களில் தங்கியிருக்கக்கூடும். தமிழகத்தின் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் இது பொருந்தும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நாடாக்களின் பட்டியலைச் சேர்த்த துறைகள், அப்பட்டியலை மீண்டும் எடுத்து, இயங்கும் கருவி ஒன்று கையில் உள்ளபோதே முதல் நாடாவை இயக்கத் தொடங்குதல் இன்றைய கடமையாகும்.